வாக்கும் பாட்டும்

பதினெட்டு வருஷம் காத்திருந்து கேட்ட சங்கீதம் ஏமாற்றிவிட்டால் யாரைக் கோபித்துக்கொள்வது? பாடினவனையா, காத்திருந்தவனையா?

டேவிட் கிராஸ்பி, ஸ்டீபன் ஸ்டில்ஸ், கிரஹாம் நாஷ், நீல் யங் என்று நால்வர். வேறு கோஷ்டிகளில் பேர் வாங்கிய பிறகு ஒன்று சேர்ந்தவர்கள். 1970-ல் அவர்கள் கொண்டுவந்த ‘தேஜா வூ’ என்ற ராக் இசைத்தட்டு அமெரிக்காவில் விற்பனையில் முதலிடத்துக்குப் போயிற்று. அதே வருஷம் பிரிந்தும் போனார்கள். 1974-ல் மறுபடி கூடி ஊர் ஊராகப் பாடினார்களே தவிர, நால்வரும் சேர்ந்த புதுத் தட்டு 1988 நவம்பரில்தான் வந்தது. ‘அமெரிக்கன் டிரீம்’ என்று பெயர்.

இரண்டையும் ஒரே இரவில் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன். அப்படிச் செய்திருக்கக் கூடாது. பழைய தட்டில் எது யார் குரல் என்று பிரித்துப் பார்க்க மனமே வராது. புதியதில் பதினாலு பாட்டு. பாதி போதும் என்றிருந்தது. சேர்ந்துதான் பாடுகிறார்கள், ஆனால் வாத்தியங்களின் மினுக்குக்குள்ளே, புது வர்ணம் பூசிய வீட்டில் ஆள் குடியில்லாத மாதிரி ஒரு வெறுமை. விற்பனையிலும் பதினாறாம் இடத்தைத் தாண்டவில்லை.

அப்புறம்தான் அதன் கதை தெரிந்தது. கிராஸ்பி போதை மருந்துக்கு அடிமையாகி, பணமும் உடம்பும் கெட்டுக் கிடந்த சமயம். “நீ அதை விட்டு எழுந்து வந்தால் நானும் திரும்பி வருகிறேன்” என்ற கருத்தில் யங் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். கிராஸ்பி டெக்ஸாஸ் சிறையில் சில மாதங்கள் இருந்து, 1986-ல் அந்தப் பழக்கத்தை விட்ட மனிதராக வெளியே வந்தார். யங் வாக்கு மாறவில்லை. வட கலிபோர்னியாவில் உள்ள தம்முடைய பண்ணையிலேயே வைத்துப் பாட்டுகளைப் பதிவு செய்தார்.

தீபாவளி மலருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு நான் எழுதிய கதைகளை எனக்குத் தெரியும். வாக்குப் பிழைக்கும், கதை பிழைக்காது. இந்தத் தட்டுக்கும் அதே கதிதான். ஆனால் என் வாக்கை நம்பி எந்த மனிதனும் சிறையிலிருந்து எழுந்து வந்ததில்லை.

அதில் ‘காம்பஸ்’ என்று கிராஸ்பியின் பாட்டு ஒன்று உண்டு. வீணாய்ப் போன வருஷங்களையும் திசை தெரிந்ததையும் பற்றியது. அதை மட்டும் மறுபடி கேட்டேன். 2023 ஜனவரியில், 81-வது வயதில் கிராஸ்பி காலமானார். சிறையை விட்டு வந்த பின் முப்பத்தாறு வருஷம் வாழ்ந்திருக்கிறார், பாடியும் இருக்கிறார்.

தட்டு சுமார்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அலமாரியில் அதைத் ‘தேஜா வூ’வுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.