ஒரே ஆள்... ஆனாலும் ‘மக்களே’!

ஊர் மாறினால் காஸ் கனெக்‌ஷனை மாற்றலாம். ரேஷன் கார்டை மாற்றலாம். ஆதார் அட்டையில் விலாசத்தைக்கூட மாற்றிவிடலாம். ஆனால், ‘பழைய ஊரில் பத்து சிநேகிதர்கள் இருந்தார்கள், அதற்கு ஈடாக இங்கே பத்துப் பேர் கொடுங்கள்’ என்று விண்ணப்பம் போட மட்டும் எந்த ஆபீஸிலும் கவுன்ட்டர் கிடையாது!

மாயவரத்திலிருந்து மார்த்தாண்டத்துக்கு எனக்கு மாற்றல் வந்தபோது வயசு ஐம்பத்திரண்டு. அந்த வயசில் புதுச் செருப்புக்கே கால் பழக மாட்டேன் என்கிறது. புது மனுஷர்கள் எம்மாத்திரம்?

என்னைவிட அம்மா பாடு கஷ்டம். எழுபத்தாறு வயசு. அப்பா போய், பெரியம்மா போய், மாயவரத்தில் அவளுக்கு மிச்சம் இருந்தது ஒரு திண்ணையும் எதிர்வரிசை மாமிகள் நாலு பேரும்தான். அதையும் விட்டுவிட்டு என் பின்னால் வந்தாள். முதல் மாதம் பேச்சு குறைந்தது. இரண்டாம் மாதம் சாப்பாடு குறைந்தது. டாக்டர் நாடி பார்த்துவிட்டு, “உடம்புக்கு ஒண்ணுமில்லை. பேச்சுத் துணைதான் வேணும்” என்றார். மெடிக்கல் ஷாப்பில் அது கிடைக்காதே, ஸார்!

பேச்சுத் துணை என்றால் முதலில் பேச்சு புரிய வேண்டுமே! நாங்களும் தமிழ், அவர்களும் தமிழ். ஆனாலும்...

ஒருநாள் காலையில் பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, “வெள்ளம் வந்தா?” என்று கேட்டார். கொள்ளிடக் கரைப் பக்கத்து ஜனங்களுக்கு அந்த வார்த்தை போதும். அம்மா அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றச் சொல்லிவிட்டாள். அக்கா கேட்டது குழாய்த் தண்ணீரை!

அடுத்த வாரம், “வீட்டுல சக்கை கெடக்கு. கொண்டு வரட்டா?” என்றார். அம்மா என் காதில், “ஏண்டா, நம்மைப் பார்த்தால் சக்கை தின்கிறவர்கள் மாதிரியா தெரிகிறது?” என்றாள். அரைமணியில் பாதிப் பலாப்பழம் வந்து இறங்கியது. எங்கள் ஊரில் சாற்றைப் பிழிந்துவிட்டுத் தூக்கி எறிவது சக்கை. இங்கே முக்கனியில் ஒன்று! டீக்கடையில் ‘போஞ்சி’ என்றால் எலுமிச்சம்பழ ஜூஸ். மரவள்ளிக்கிழங்கு இங்கே மரச்சீனி.

இதற்கெல்லாம் சரித்திரம் இருக்கிறது. மார்த்தாண்டம் அடங்கிய விளவங்கோடு தாலுகா 1956 நவம்பர் 1-ம் தேதி வரை திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்று நாலு தாலுகாக்கள் அன்றைக்குச் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. சும்மா சேரவில்லை. நேசமணி தலைமையில் நடந்த போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. யோசித்துப் பாருங்கள்... நான் ஒருத்தன் ஊர் மாறியதற்கே இத்தனை புலம்பல். ஒரு மாவட்டமே இருந்த இடத்தில் இருந்துகொண்டு ராஜ்யம் மாறியிருக்கிறது! மாறும்போது தன் வார்த்தைகளைத் தொலைத்துவிடாமல் கையோடு வைத்துக்கொண்டிருக்கிறது.

அந்த வார்த்தைகளில் ஒன்றுதான் ‘மக்களே’.

முதல் தடவை அதைக் கேட்டது சந்தையில். தொடுவெட்டி என்பது இந்த ஊரின் பழைய பெயர். 2018-ல் திறந்த மேம்பாலம் மேலே இரண்டரை கிலோமீட்டருக்கு நீண்டு போக, கீழே வியாபாரம் அதுபாட்டுக்கு நடக்கிறது. மட்டிப்பழம் விற்கிற ஒரு பாட்டி என்னைப் பார்த்து, “என்ன மக்களே வேணும்?” என்றார். பின்னால் பெருங்கூட்டம் நிற்கிறதோ என்று திரும்பிப் பார்த்தேன். ஈ காக்கை இல்லை. மேடையில் மைக்கைப் பிடித்தவர்கள் லட்சம் பேரைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையை, இங்கே பெரியவர்கள் ஒரே ஒரு ஆளைப் பார்த்துச் சொல்கிறார்கள். ‘என் பிள்ளையே’ என்று அர்த்தம். வழுக்கை விழுந்த பிள்ளைக்கும் விலக்கில்லை!

எனக்கு சிநேகிதம் கிடைத்தது தேனீக்களால். தெருக்கோடியில் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் ரப்பர் மரங்களுக்கு நடுவே பத்துப் பதினைந்து தேன்பெட்டி வைத்திருந்தார். மார்த்தாண்டம் தேன் புவிசார் குறியீடு வாங்கிய சரக்காயிற்றே! ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலியோரம் நின்று, “ரப்பர் பூவில் இவ்வளவு தேனா ஸார்?” என்றேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்.

“பூவில இல்ல சாரே! தளிர் விடும்போ இலைக்காம்புல சுரக்கும். தை, மாசி, பங்குனிதான் சீசன்” என்று ஆரம்பித்தவர், 1991-92-ல் வந்த வைரஸ் நோயில் தெற்கத்திப் பக்கம் பூராவும் தேனீக் கூட்டங்கள் அழிந்த கதை, காலிப் பெட்டிகளைப் பார்த்து மனைவி அழுத கதை, மறுபடி ஒரே ஒரு கூட்டத்தில் தொடங்கிய கதை எல்லாம் சொல்லி முடித்தபோது கட்டஞ்சாயா இரண்டு ரவுண்டு ஆகியிருந்தது.

அவர்தான் ஸ்பென்ஸர் ஹாட்ச் பற்றியும் சொன்னார். 1920-களில் ஒய்.எம்.ஸி.ஏ. சார்பில் இங்கே கிராம முன்னேற்ற மையம் நடத்திய அமெரிக்கர். கோழி வளர்ப்பு, தேனீ வளர்ப்பு என்று இறங்கி, இங்கே பெற்ற அனுபவத்தை 1932-ல் புத்தகமாகவும் எழுதினார். ‘அவரவர் கையாலேயே அவரவர் முன்னேற வேண்டும், விஷயம் தெரிந்தவர் பக்கத்திலேயே இருந்து யோசனை சொல்ல வேண்டும்’ என்பது அவர் கொள்கை. பாஷை வேறு, நிறம் வேறு, சாப்பாடு வேறு. அந்த மனுஷர் எப்படி ஊரோடு ஒட்டினார்? ‘எனக்கு சிநேகிதனாக இரு’ என்று வீடு வீடாகக் கேட்டிருக்க முடியாது. கோழியையும் தேனீயையும் பற்றிப் பேசினால் யார் வீட்டுக் கதவும் திறக்கும்! எனக்கே வேலியோரக் கேள்வி ஒன்றுதானே கதவைத் திறந்தது?

வாத்தியார் சொன்ன இன்னொரு சங்கதி மனசில் தைத்தது. “பெட்டியை இடம் மாத்தணும்னா ராத்திரி, தேனீ எல்லாம் அடைஞ்ச பெறவு மாத்தணும். ஒண்ணு, மூணு அடிக்குள்ள பைய நகத்தணும். இல்லேன்னா ரெண்டு மூணு கிலோமீட்டர் தள்ளிக் கொண்டு போயிரணும். நடுவாந்தரமா வச்சா, வெளிய போன ஈ பழைய இடத்துக்கே போயி, பெட்டியக் காணாம சுத்திச் சுத்திச் சாவும்.”

“தூரமாகக் கொண்டு போனால்?”

“புது இடத்துல வெளிய வந்ததும் பெட்டியத் திரும்பிப் பாத்து ரெண்டு மூணு வட்டம் போடும். இதுதான் நம்ம வீடுன்னு படிச்சிட்டுத்தான் தேனுக்குப் போவும்.”

வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் குழித்துறை ஸ்டேஷனில் பையோடு நிற்கிற வெளியூர் உத்தியோகஸ்தர்களை நினைத்துக்கொண்டேன். பாவம், நடுவாந்தரப் பெட்டிகள். இந்த ஊரிலும் இல்லை, அந்த ஊரிலும் இல்லை!

சரி, அம்மா? அவளுக்கு வைத்தியம் பார்த்தது டாக்டரும் இல்லை, நானும் இல்லை. சக்கை கொடுத்த அக்காவின் மாமியார். வயசு எண்பத்தெட்டு. ஒருநாள் கம்பை ஊன்றிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தார். அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“மக்களே, சோறு தின்னியா?”

அம்மா பதில் சொல்லவில்லை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். நான் பதறிப் போய்ப் பின்னாலேயே ஓடினேன்.

“ஒண்ணுமில்லைடா... உங்க பெரியம்மா போனதுக்கப்புறம் என்னைப் பிள்ளையா நினைச்சுக் கூப்பிட ஆளே இல்லைன்னு இருந்தேன்” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. எல்லோருக்கும் அம்மா, மாமி, பாட்டி என்றே இருந்தவளும் ஒரு காலத்தில் யாருக்கோ குழந்தைதானே! பேச்சுத் துணை என்றால் சமவயசு ஆட்கள் என்றுதான் எல்லோரும் தேடுகிறோம். தன்னைக் குழந்தையாகப் பார்க்கிற ஒருத்தர் எழுபத்தாறு வயசிலும் தேவைப்படுகிறார் என்பது எந்த மருந்துச் சீட்டிலும் எழுதப்படுவதில்லை.

அன்றைக்கு ராத்திரி அம்மா இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். இப்போதெல்லாம் தினமும் மத்தியானம் அந்த வாசலில்தான் இருக்கை. அம்மா வத்தக்குழம்பு சொல்லிக் கொடுக்கிறாள். பாட்டி முந்திரிக்கொத்து சொல்லிக் கொடுக்கிறார். நடுவில் சண்டைகூட உண்டு. சண்டை போடுகிற அளவுக்கு உறவு முற்றிவிட்டது என்று எனக்கு சந்தோஷம்!

போன வாரம் மாயவரத்திலிருந்து போன். “ஆடி பிறக்கப் போகிறது, வந்து ஒரு மாசம் இருந்துவிட்டுப் போயேன்” என்று எதிர்வீட்டு மாமி கூப்பிட்டார். அம்மா ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

“ஆடி அமாவாசைக்கு இங்கே குழித்துறையில் வாவுபலி. பொருட்காட்சி எல்லாம் போடுவா. பாட்டியை யார் கையைப் பிடிச்சு அழைச்சுண்டு போறது? அதெல்லாம் முடிஞ்சப்புறம் பைய வரேன்!”