எண்கள் பொருந்த வேண்டும்

லண்டன் வாட்டர்லூ நிலையத்தில் ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் ப்ரூக்வுட். இறங்கினால் ஒருபுறம் பிரிட்டனின் மிகப் பெரிய கல்லறைத் தோட்டம். மறுபுறம், சற்றுத் தள்ளி பிஸ்லி. 1890 முதல் துப்பாக்கி சுடும் போட்டிகளுக்காகவே வாழும் இடம். வராந்தா வைத்த அதன் கிளப் கட்டடங்கள் ஊட்டியை நினைவூட்டும்.

அக்டோபரில் பழைய ராணுவத் துப்பாக்கிகளுக்கான டிராஃபால்கர் போட்டி இங்கே நடக்கிறது. வருகிறவர்களில் சிலருக்குத் துப்பாக்கியைவிட அதன் தொலைநோக்கி மீதும், அதைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் மீதும்தான் கண். குறிப்பாக இரண்டாம் உலகப் போர்க்கால 'நம்பர் 32' தொலைநோக்கி. அது பொருந்தும் துப்பாக்கியான லீ என்ஃபீல்டு 'நம்பர் 4 டி', நம்மூர் போலீஸாரின் தோளில் தொங்கிய 'திரீ நாட் திரீ'யின் பங்காளி.

தொழிற்சாலையில் குறி தப்பாமல் சுட்டவற்றைப் பொறுக்கியெடுத்து ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். மகாராஜாக்களுக்கு வேட்டைத் துப்பாக்கி செய்துகொடுத்த அதே நிறுவனம். 1942 முதல் அங்கே 20,000க்கும் அதிகமான துப்பாக்கிகள் மாற்றியமைக்கப்பட்டன. சட்டங்களில் பெரும்பாலானவற்றை வார்த்துத் தந்தது கெய்ன்ஸ்பரோவின் ரோஸ் பிரதர்ஸ். சாக்லெட் சுற்றும் இயந்திரங்களுக்குப் பெயர்பெற்ற நிறுவனம் அது! தொலைநோக்கிக்கும் விசித்திரமான பூர்வீகம்: முதலில் அது பிரென் இயந்திரத் துப்பாக்கிக்காக வடிவமைக்கப்பட்டது.

ஒவ்வொரு சட்டத்தையும் ஒரு குறிப்பிட்ட துப்பாக்கிக்கென்றே கையால் ராவிப் பொருத்தினார்கள். சுட்டுப் பார்த்துச் சரியான பிறகு தொலைநோக்கியின் எண்ணைத் துப்பாக்கிக் கட்டையின் கழுத்திலும், துப்பாக்கியின் எண்ணைச் சட்டத்திலும் பொறித்தார்கள். வேறொன்றை மாட்டினால் குறி விலகும். மாட்டியவனின் உயிர் அந்தக் குறியில் இருந்தது.

போர் முடிந்ததும் ஜோடிகள் பிரிந்தன. பழுதுபார்க்கும் பட்டறைகளில் சில மாறின. உபரியாக விற்கப்பட்டபோது மற்றவை சிதறின. பிரிட்டனில் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும், தொலைநோக்கிக்கு வேண்டாம். எனவே அது கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போயிற்று. 1970களில் ராணுவமே பல துப்பாக்கிகளை 7.62 மில்லிமீட்டருக்கு மாற்றி, தொலைநோக்கிகளையும் திருத்தியது. அவை 1982இல் ஃபாக்லாந்து போருக்கும் போயின. சேகரிப்பாளர்களுக்கு அது வேறு வகையான இழப்பு.

எண்கள் பொருந்திய முழு ஜோடிக்குச் சாதாரண நம்பர் 4 துப்பாக்கியைப் போலப் பல மடங்கு விலை. போலிகள் முளைக்க வேறென்ன வேண்டும்? புதிதாக வார்த்த சட்டங்களும் தொலைநோக்கிகளும் நகல் என்று சொல்லியே விற்கப்படுகின்றன. சுடுகிறவர்களுக்கு அதுவே போதும். இரண்டு கை மாறியபின் அவை 'அசல்' ஆகிவிடுவதுதான் சிக்கல். பழைய எண்ணை ராவிவிட்டுப் புதிய எண்ணைப் பொறிப்பது அதைவிட மோசம். உண்மையான ஜோடி இனி எப்போதுமே சேர முடியாது. அசட்டு ஆசையாகத் தோன்றலாம். ஆனால் எந்தத் துப்பாக்கியை எந்தக் கண்ணாடி வழியே ஒரு சிப்பாய் நம்பினான் என்பதற்கு மிஞ்சியிருக்கும் சாட்சி பல சமயம் அந்த எண் மட்டுமே.

இந்தியாவில் இந்தப் பொழுதுபோக்குக்கு வழியில்லை. .303 தனியாருக்குத் தடை செய்யப்பட்ட ரகம். உத்தரப் பிரதேசப் போலீஸே 2020 குடியரசு தினத்தோடு அதற்கு விடைகொடுத்தது.

பிஸ்லிக்கு வரும் சேகரிப்பாளர் துப்பாக்கிக் கட்டையில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டுதான் வருகிறார். கையில் கிடைக்கும் ஒவ்வொரு தொலைநோக்கியையும் திருப்பி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எண்ணைப் படிக்கிறார். பொருந்தவில்லை. அடுத்ததை எடுக்கிறார்.