டப்பா மட்டும் ஒரிஜினல்

சர்வீஸ் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் என் ஒன்பது வயதுக் கார் 'டக டக டக' என்று நாலைந்து விநாடி சத்தம் போட்டது. அப்புறம் சமர்த்தாகிவிட்டது. தினமும் இதே கதை. பாய் ஆயிலில் கை வைத்துவிட்டார் என்று முடிவே கட்டிவிட்டேன். பன்னிரண்டு வருஷமாக எனக்கு அவர்தான் மெக்கானிக்.

முன்கதை ஒன்று உண்டு. வண்டியை விடும்போதே பாய் கேட்டார். "ஆயில் ஃபில்டர் கம்பெனி அயிட்டம் போடவா, வெளி அயிட்டம் போடவா சார்? வெளியிலயும் நல்ல மேக் இருக்கு."

"ஒரிஜினல்தான்" என்றேன் கண்டிப்பாக. அத்தோடு விட்டேனா? விலையில் ஏற்றிவிடுவாரோ என்று நானே போய் வாங்கிவந்தேன். கார் கம்பெனி பெயர் போட்ட டப்பா, பளபளவென்று ஹோலோகிராம், 30 சதவிகிதம் தள்ளுபடி. பில் கேட்டதற்கு, "பில்லு போட்டா ஜி.எஸ்.டி. வரும் சார்" என்றார் கடைக்காரர். அப்போது நியாயமாகத்தான் பட்டது.

சத்தத்தைக் கேட்ட பாய் ஒன்றும் பேசவில்லை. நான் வாங்கித் தந்த ஃபில்டரைக் கழற்றி, ஆக்ஸா பிளேடால் வட்டமாக அறுத்தார். வேறொரு காரில் உழைத்து ஓய்ந்த வெளி ஃபில்டர் ஒன்றையும் அறுத்தார். இரண்டையும் நியூஸ் பேப்பரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

ஃபில்டருக்குள் முக்கியமாக மூன்று சமாசாரங்கள். முதலில், மடிப்பு மடிப்பாகக் காகிதம். நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான் தடிமன். அதில் பாதிகூட இல்லாத தூசியை நல்ல காகிதம் பிடித்துவிடும். அடுத்தது, ரப்பர் வால்வு. எஞ்சினை அணைத்ததும் ஃபில்டரில் இருக்கும் ஆயில் கீழே இறங்கிவிடாமல் காப்பது இது. இது சரியில்லை என்றால், மறுநாள் காலை ஆயில் மேலே போய்ச் சேரும்வரை இரும்போடு இரும்பு உரசும். என் 'டக டக' அதுதான். மூன்றாவது, பைபாஸ் வால்வு. காகிதம் அடைத்துக்கொண்டால் இது திறந்து, வடிகட்டாத ஆயிலையாவது அனுப்பும். அழுக்கு ஆயில் பரவாயில்லை. ஆயிலே இல்லையென்றால் எஞ்சின் காலி.

வெளி ஃபில்டரில் மூன்றும் ஒழுங்காக இருந்தன. என் 'ஒரிஜினலில்' விரல்விட்டு எண்ணிவிடலாம் போல மடிப்புகள். ரப்பர் விறைத்துப்போயிருந்தது. பைபாஸ் வால்வு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தகரத் துண்டு.

"டப்பா மட்டும்தான் ஒரிஜினல் சார். பழைய டப்பாவை முழுசா குப்பையில போடாதீங்கன்னு இதுக்குத்தான் சொல்றது."

ஒரு விஷயம் தெரியுமா? கார் கம்பெனிகள் பெரும்பாலும் ஃபில்டரைத் தாங்களே செய்வதில்லை. மான், மாலே, பாஷ் போன்ற தயாரிப்பாளர்கள் கார் கம்பெனிகளுக்கும் சப்ளை செய்வார்கள். தங்கள் பெயரிலும் கடையில் விற்பார்கள். ஆகவே 'கம்பெனியா, வெளியா?' என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, 'அசலா, போலியா?' என்று பார்ப்பது உத்தமம். வாரண்டி இருக்கும்வரை கம்பெனி ஃபில்டரே போடுங்கள், வம்பில்லை. அதற்குப் பிறகு, பேர் தெரிந்த மேக், உங்கள் மாடலுக்கு உரிய பார்ட் நம்பர், கையில் பில். இந்த மூன்றும் இருந்தால் வெளி ஃபில்டரும் தாராளமாகப் போடலாம். மரை சேருகிறதே என்று வேறு நம்பரை மாட்டாதீர்கள். உள்ளே வால்வு திறக்கும் அழுத்தம் வண்டிக்கு வண்டி மாறும்.

பாய் ஜி.பி. ரோட்டிலிருந்து பையனிடம் ஒரு வெளி ஃபில்டர் வரவழைத்தார், பில்லோடு. வாஷரில் விரலால் ஆயில் தடவி, கையாலேயே திருகி இறுக்கினார். மறுநாள் காலை வண்டி மூச்சுவிடவில்லை.

வீட்டுக்கு வந்து அந்தப் பளபள டப்பாவைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்தேன். பாய் மேல் நான் சந்தேகப்பட்டது அவருக்குத் தெரியுமா? தெரிந்திருக்கும். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அடுத்த சர்வீஸில், "நீங்களே பார்த்து வாங்கிப் போடுங்க பாய்" என்று மட்டும் சொல்வதாக இருக்கிறேன். அவருக்குப் புரியும்.