ஒரு தாளில் பதினாறு பக்கம்

திருவல்லிக்கேணிச் சந்தில் உள்ள ஒரு சின்ன அச்சகம். டி.டி.பி. பார்க்கும் அக்கா, கோயில் திருவிழாவுக்கான 16 பக்கப் பாட்டுப் புத்தகத்தை முடித்திருந்தார். கிரவுன் 1/8 அளவு, 1,000 பிரதி. திரையில் பக்கங்கள் ஒன்று, இரண்டு என வரிசையாக நின்றன. அப்படியே அடித்தால் புத்தகம் ஆகாது.

வேஸ்ட் தாள் ஒன்றை எடுத்து மூன்று முறை மடித்தார். மூலைகளைத் தூக்கித் தூக்கி 1 முதல் 16 வரை எண் போட்டு விரித்தார். இதுதான் டம்மி. ஒரு புறம் கீழ்வரிசையில் 4, 13, 16, 1. அதற்கு மேலே தலைகீழாக 5, 12, 9, 8. "பக்கத்துப் பக்கத்து ஜோடியைக் கூட்டிப் பாருங்க சார், பதினேழு வரணும். வரலேன்னா எங்கேயோ இடம் மாறியிருக்கு."

பேஜ்மேக்கரிலும் இன்டிசைனிலும் புக்லெட் வசதி இருக்கிறதே என்று கேட்டேன். இருக்கிறது, 16-ஐயும் 1-ஐயும், 2-ஐயும் 15-ஐயும் அது ஜோடி சேர்த்துத் தரும். ஏ4 தாளை நடுவில் ஒரு முறை மடிக்கிற ஆபீஸ் பிரிண்டருக்கு அது போதும். இங்கே ஓடுவது ஆஃப்செட். கிரவுன் தாள் 15க்கு 20 அங்குலம். ஒரு புறத்துக்கு எட்டுப் பக்கம், தலையோடு தலை முட்டி உட்கார வேண்டும். அப்போதுதான் இரண்டே பிளேட்டில் வேலை முடியும். டபுள் கிரவுன் ஒரு ரீம், அதாவது 500 தாள், பாதியாக வெட்டினால் கணக்குக்கு ஆயிரம் புத்தகம். வேஸ்டேஜுக்கு மட்டும் கொஞ்சம் கூட வேண்டும். மெஷினின் கிரிப்பர் தாளைக் கவ்வும் ஓரத்தில் மை படாது என்பதால் அங்கே எழுத்து வராதபடி அடி மார்ஜினையும் அவரே ஒதுக்குகிறார்.

பேஜ்மேக்கரை 1985இல் வெளியிட்ட நிறுவனத்தின் பெயர் ஆல்டஸ். 1501 முதல் கையடக்கப் புத்தகங்களை அச்சிட்ட வெனிஸ் நகரத்து ஆல்டஸ் மனூட்டியஸின் பெயர் அது. அவருடைய சிறு நூல்களும் தாளை மூன்று முறை மடித்து உண்டானவைதான்.

அக்காவின் வேலை மடிப்போடு நிற்பதில்லை. பாடல்கள் வாட்ஸ்அப்பில் யூனிகோடில் வருகின்றன. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிவிடும். ஒவ்வொரு வரியையும் மறுபடி படிக்கிறார்.

பின்கட்டில் பைண்டிங் பெண்கள் தரையில் அமர்ந்து மடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது மடிப்பில் உள்ளே காற்று சிக்கித் தாள் மூலையில் சுருங்கும். அதனால் இரண்டாவது மடிப்பு முடிந்ததும் தலைப்பக்கம் கத்தியால் சின்னதாக ஒரு கீறல் போடுகிறார்கள். ஸ்கேலால் அழுத்தி ஒரு இழுப்பு, முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் சரிதானா என்று ஒரு பார்வை, அடுத்த தாள். பிறகு சென்டர் பின், மூன்று பக்கக் கட்டிங்.

பெரிய புத்தகங்களில் டி.டி.பி. செய்தவருக்கு 'ஒளியச்சு' என்று ஒரு வரியாவது போடுகிறார்கள். இந்தச் சிறு நூல்களில் அச்சகத்தின் பெயரோடு சரி. பில்லில் தாள், பிளேட், பிரிண்டிங், பைண்டிங் எல்லாம் தனித்தனியாக இருந்தன. டைப்செட்டிங்குக்குப் பக்கக் கணக்கில் கூலி. பக்கங்களை அடுக்கிய வேலைக்கு எந்த வரியும் இல்லை. ஒரு பக்கம் இடம் மாறினால் ஆயிரம் பிரதியும் குப்பைக்குப் போகும் என்கிற வேலை அது. அதற்குத் தனிக் கூலி வைத்தே ஆக வேண்டும் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்தேன்.