தாய்ப்பாலும் ஒரு கேள்வியும்

முதல் வெள்ளியன்று நற்கருணை கொண்டு சென்றபோது, மார்பகப் புற்றுநோயுற்ற தாய் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "சாமி, மூன்று பிள்ளைகளுக்குப் பாலூட்டிய மார்பில் நோய் வர, நான் என்ன பாவம் செய்தேன்?" நம்மால் உடனே விடை கூற இயலவில்லை. மருத்துவ நூல்களைத் தேடினோம்.

மூளையின் அடியில், பட்டாணி அளவேயான பிட்யூட்டரி சுரப்பி புரோலாக்டின் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. 1930-களின் தொடக்கத்தில் அதற்குப் பெயரிட்டவர் அமெரிக்க அறிஞர் ஆஸ்கர் ரிடில். ஏழைகளின் காணிக்கையாக அன்னை மரியா ஆலயத்திற்குக் கொணர்ந்த புறாவினமும் இதன் தூண்டலால்தான் குஞ்சுகளுக்குப் புறாப்பால் சுரக்கிறது.

தாயின் மார்பில் உயிரணுக்களைப் பெருக்கிப் பால் சுரக்கச் செய்வது இதுவே. நெறிதவறிய உயிரணுவும் அதே கட்டளையால் வளர இடமுண்டு. இரத்தத்தில் இது மிகுந்திருப்போருக்கு ஆபத்து சற்றே கூடுதல் என ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் பாலூட்டுவதோ காக்கிறது. 30 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் வெளியான முடிவின்படி, பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதத்திற்கும் இந்நோயின் ஆபத்து 4.3 விழுக்காடு குறைகிறது. குறைகிறதேயன்றி, அற்றுப்போவதில்லை.

அடுத்த மாதம் அவரிடம் கூறினோம்: "அம்மா, நீங்கள் ஊட்டிய பால் உங்களைப் பகைக்கவில்லை, இயன்றவரை காத்தது. பிறவிக் குருடரைக் குறித்து, இது யார் பாவம் என்று சீடர் வினவியபோது, எவர் பாவமுமன்று என்றே ஆண்டவர் மறுமொழி பகர்ந்தார்."

அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, தாயின் நோய் கண்டு பாலூட்ட அஞ்சியிருந்த தம் இளைய மகளை அழைத்து, "பிள்ளைக்குப் பால் கொடு, அம்மா, பயம் வேண்டாம்" என்றார்.

தம்மையே உணவாகத் தந்தவரை அன்று அவர் நாவில் வைத்தபோது, நம் கை நடுங்கியது.