பேரனும் நாமும் கட்டிய கப்பல்

நமது இல்லத்தின் முன்னறையில், சுவரோரத்து மேசையின்மீது ஒரு போர்க்கப்பல் நிற்கின்றது. மூன்று பாய்மரங்களும் 46 பீரங்கிகளும் உடையது. பீரங்கித் தளத்தின் நீளம் பதினெட்டே முக்கால் அங்குலம். காண வருகின்ற அன்பர்கள் முதலில் வியக்கின்றனர். பின்னர் அருகிற் குனிந்து நோக்கி, "முன் பாய்மரத்தில் மட்டும் ஏணிக்கயிறுகள் கோணலாக உள்ளனவே, ஏன்?" என்று வினவுகின்றனர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை கூறி அலுத்தமையால், சங்கத்து இதழின் வாயிலாக அனைவர்க்கும் ஒருங்கே கூறிவிட எண்ணினோம். கோணலுக்குக் காரணம் நமது பேரன். அக்கோணலைத் திருத்தாது விட்டமைக்குக் காரணம், நாம் முதுமையில் கற்றுக்கொண்ட ஒரு பாடம்.

நாம் பிறந்து வளர்ந்தது தூத்துக்குடி. பள்ளிச் சிறுவராய் இருந்த 1960-களில், கொழும்புக்குச் சரக்கேற்றிச் செல்லும் தோணிகள் பாய்விரித்துத் துறையை விட்டு அகலும் காட்சியைக் கரையில் நின்று கண்டு, பள்ளிக்குக் காலந்தாழ்ந்து சென்று பிரம்படி பெற்றதுண்டு. 1978-ஆம் ஆண்டில் அலுவல் நிமித்தம் திருவனந்தபுரம் வந்து சேர்ந்தோம். வந்த புதிதில், ஊர் நினைவு மிகும் மாலைகளில், வலியதுறைக் கடற்பாலத்திற்குச் சென்று அலைகளை நோக்கி நிற்பதே நமக்கு ஆறுதலாய் இருந்தது. 1956-இல் எழுப்பப்பெற்ற அப்பாலமும் கடலின் சீற்றத்தால் நாளடைவிற் சிதைந்து போயிற்று. ஆயினும் பாய்மரத்தின்மீது கொண்ட பற்று நம்மை விட்டு அகலவில்லை.

நமது பேரனுக்கு வயது பன்னிரண்டு. பள்ளியில் ஆங்கிலம், தெருவில் மலையாளம். இல்லத்தில் ஆச்சி உணவுக்கு அழைக்கும்போது மட்டும் தமிழ். இது நம் ஒருவர் இல்லத்து நிலையன்று என்பதை இவ்விதழைப் படிக்கும் குடும்பத்தார் அறிவர். 2024 ஜூலை 11 அன்று, விழிஞ்ஞம் துறைமுகத்திற்குச் சான் பெர்னாண்டோ என்னும் பெருஞ்சரக்குக் கப்பல் முதன்முதலாக வந்தது. அவ்வாரத்தில் பேரனை அழைத்துச் சென்று, தொலைவிற் கரையில் நின்று காட்டினோம். அவன் நெடுநேரம் நோக்கிய பின், "தாத்தா, பண்டு எஞ்சின் இல்லாதப்போ இத்தனை பெரிய கப்பல் எப்படி ஓடியது?" என்று வினவினான். 'பண்டு' என்பது மலையாள வழக்காயினும், அது நல்ல தமிழ்ச் சொல்லே என்று மகிழ்ந்தோம். அவ்வினாவிற்கு வாயால் விடை கூறுவதினும் கையால் விடை கூறுதல் நன்று எனத் தோன்றிற்று.

எக்கப்பலைச் செய்வது? சங்கத்து மூத்த அன்பர் ஒருவர், "கடாரங்கொண்ட சோழன் கலத்தைச் செய்யாமல், நம்மை ஆண்டவர்களின் போர்க்கப்பலையா செய்வீர்?" என்று கடிந்துகொண்டார். கடிதல் நியாயமே. ஆனால் இராசேந்திரன் 1025-ஆம் ஆண்டளவிற் கடல் கடத்திய கலங்களின் வரைபடம் எதுவும் நமக்குக் கிடைத்திலது. மெய்க்கீர்த்தி வெற்றியைச் சொல்லுமேயன்றி, பலகை எத்தனை விரற்கடை என்று சொல்லாது. நாம் தேர்ந்த கப்பலுக்கோ வரைபடம் உண்டு. கப்பலே இன்றும் உண்டு. அதன் பெயர் 'டிரிங்கோமலி'. நம் திருகோணமலையின் பெயர்தான் ஆங்கிலேயர் நாவில் அவ்வாறு ஆயிற்று.

அக்கப்பலின் வரலாறு கேட்கத்தக்கது. அதன் வரைபடத்தை ஏற்றிவந்த 'ஜாவா' என்னும் கப்பல் 1812 டிசம்பரில் அமெரிக்கக் கப்பலொன்றிடம் தோற்று அழிந்தது. மறுபடி ஒன்று 1813-இல் பம்பாய் வந்து சேர்ந்தது. அங்கே அதனைக் கட்டியவர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா என்னும் பார்சி தலைமைத் தச்சர். அவர் முன்னோர் லவ்ஜி நசர்வான்ஜி, 1736-இல் சூரத்திலிருந்து பம்பாய்க்குக் குடிபெயர்ந்தவர். அவரும் நம்மைப்போல் பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்தவரே. கப்பலின் அடிமரத்தில் ஜம்ஷெட்ஜி தம் மரபுப்படி ஒரு வெள்ளி ஆணியை அறைந்தார். 1817 அக்டோபர் 12 அன்று கப்பல் நீரில் இறக்கப்பெற்றது.

அதன் மரம் மலபார்த் தேக்கு. ஐரோப்பியக் கருவாலி மரத்திலுள்ள துவர்ச்சத்து இரும்பாணியை அரிக்கும். தேக்கிலுள்ள எண்ணெயோ ஆணியையும் காக்கும், மரத்தையும் காக்கும். அதனால் மலபார்க் காட்டுத் தேக்கு கப்பல் கப்பலாய் வெளியேறிற்று. வெட்டிய வேகத்தில் காடு வறிதாகவே, 1840-களில் மாவட்டத் தலைவர் கானலி என்பவர் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் அமைக்க நேர்ந்தது. நட்டு வளர்த்தவர் சாத்து மேனோன் என்னும் இம்மண்ணின் மைந்தர்.

'டிரிங்கோமலி' கட்டி முடிந்தபோது நெப்போலியனோடு நிகழ்ந்த போர் முடிந்திருந்தது. 1819-இல் இங்கிலாந்து சேர்ந்து, பல்லாண்டு வேலையின்றிக் கிடந்தது. 1847-இல்தான் கடற்பணிக்குப் புறப்பட்டது. பின்னர் கடற்படையினர்க்கும், அதன்பின் 'பௌட்ராயன்ட்' என்னும் வேறு பெயருடன் இளைஞர்க்கும், 1986 வரை பயிற்சிக் கப்பலாய் விளங்கிற்று. பழுது நீக்கப்பெற்று, தன் பழம்பெயரை மீண்டும் பெற்று, இன்று ஆர்ட்டில்பூல் என்னும் ஊரில் நீரில் மிதக்கின்றது. போர்க்கப்பலாய் உழைத்ததினும் பள்ளிக்கூடமாய் உழைத்த காலமே அதற்கு மிகுதி. இதனை நாம் முன்பே அறிந்திருந்தும், அதன் பொருள் நமக்குப் பின்னரே விளங்கிற்று.

அயல்நாட்டில் வாழும் உறவினர் ஒருவர் வரைபடத்தின் படியை அனுப்பினார். எட்டு அடிக்கு ஓர் அங்குலம் என அளவு கொண்டோம். அவ்வளவில் ஆறடி மனிதன் முக்கால் அங்குலமே நிற்பான். அடிமரத்திற்குத் தேக்குத் துண்டும், மேற்பலகைக்கு இழை நெருங்கிய மஞ்சக்கடம்பும் அயலில் வாழும் மூத்தாசாரி ஒருவர் தந்தார். எண்பது வயதை நெருங்கிய மலையாளத் தச்சர் அவர். வள்ளம் கட்டிய குடும்பத்தவர். நம்மை 'அண்ணாச்சி' என்றே அழைப்பார். இவ்வூரில் அச்சொல்லைச் சிலர் எள்ளலாகச் சொல்வதுண்டு. அவர் வாயில் அது உறவாகவே ஒலிக்கும். நூலும் தேன்மெழுகும் சாலைக் கடைத்தெருவில் வாங்கினோம்.

வேலை தொடங்கிற்று. கப்பலின் முதுகெலும்பாகிய ஏராவை முதலில் நிறுத்தி, அதன் குறுக்கே விலாவெலும்பு போன்ற வங்குகளைப் பொருத்தி, வெந்நீரில் ஊறிய மெல்லிய பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாக வளைத்து ஒட்டினோம். "இதற்கு என்ன பெயர்?" என்று பேரன் முன்முனையைத் தொட்டான். நாம் "அணியம்" என்று வாய்திறக்கு முன்பே மூத்தாசாரியும் "அணியம்" என்றார். பின்முனையை இருவரும் "அமரம்" என்றோம். சிறுவன் வியந்தான். "தமிழிலும் மலையாளத்திலும் ஒன்றா?" என்றான். அன்று முதல் கப்பலின் உறுப்புகளுக்கெல்லாம் தமிழ்ப்பெயர் கேட்கலானான். சுக்கான், நங்கூரம், பாயை ஏற்றும் ஆஞ்சான் என்று கற்றுக்கொண்டே வந்தான். ஆறு திங்கள் இவ்வாறு இனிதே கழிந்தன.

இனி நமது பிழையைக் கூறவேண்டும். உடற்பகுதி முடிந்து கயிறு கட்டும் பருவம் வந்தது. கப்பலுக்குக் கயிறு இருவகை: மரத்தை நிறுத்தும் நிலைக்கயிறு, பாயையும் பாய்க்கம்பையும் இயக்கும் ஓடுகயிறு. நிலைக்கயிற்றை முதலிற் கட்டவேண்டும். வலப்புறம் ஓர் இணை, உடனே இடப்புறம் ஓர் இணை என மாற்றி மாற்றிக் கட்டினாலன்றி மரம் ஒருபக்கம் சாயும். அவற்றின் குறுக்கே மாலுமிகள் ஏறுதற்குரிய ஏணிக்கயிறுகள். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு முடிச்சு. மூன்று மரங்களுக்கும் ஆயிரத்திற்கு மேல் முடிச்சுகள். பேரன் ஆவலோடு இடுக்கியை எடுத்தான். அவன் இட்ட முடிச்சை நாம் அவிழ்த்தோம்; "இறுக்கம் போதாது" என்றோம். மறுபடி இட்டான், "கோணல்" என்றோம். இடையே அவன் பேசிய தமிழிலும் பிழை கண்டோம். "'அவர்கள் வந்தது' அன்று, 'வந்தார்கள்' என்று சொல்" என்றோம். ஒரு முடிச்சுக்கு ஒரு திருத்தம், ஒரு சொல்லுக்கு ஒரு திருத்தம். அவன் நன்மைக்கே செய்கின்றோம் என எண்ணினோம்.

சில நாளில் அவன் வாய் மூடிற்று; வினாவிற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் விடை வந்தது. பின்னர், தேர்வு என்றும் தலைவலி என்றும் கூறி மேசைப்பக்கம் வருவதையே நிறுத்தினான். நாம் தனியே அமர்ந்து பெருமரத்தையும் பின்மரத்தையும் கட்டி முடித்தோம். முடிச்சு ஒவ்வொன்றும் அச்சிட்டாற்போல் இருந்தது. அறையில் பேச்சு மட்டும் இல்லை. "கப்பல் வந்தது, பிள்ளை போயிற்று" என்றாள் இல்லாள். நாம் கேளாதவர்போல் இருந்தோம்.

2025-இல் இடவப்பாதி மழை முன்னதாகவே மே மாதக் கடைசியிற் பிடித்துக்கொண்டது. நான்கு நாள் ஓயாத மழை. ஐந்தாம் நாட்காலையில் நோக்கினால், பெருமரத்தின் உச்சித்துண்டு வில்போல் பின்னோக்கி வளைந்திருந்தது. கயிறொன்று தெறிக்கும் நிலையில் நின்றது. நெஞ்சு பதறி மூத்தாசாரியை அழைத்தோம். அவர் கயிற்றை விரலால் ஒருமுறை சுண்டிப் பார்த்தார். "ஒருபாடு வலிச்சு, அண்ணாச்சி" என்றார். மலையாளத்தில் வலித்தல் என்பது இழுத்தல். தமிழிலும் துடுப்பு வலித்தல் என்னும் வழக்கு உண்டு. ஆயினும் அக்கணம் நம் செவியில் அச்சொல் நோவாகவே ஒலித்தது.

காரணத்தை அவர் விளக்கினார். பருத்தி நூல் ஈரம் உண்டால் பருக்கும். பருத்தால் நீளம் குறுகும். உலர்ந்த நாளில் சிறிது தளர்ச்சி வைத்துக் கட்டியிருந்தால் மழையில் அது சரியாகும். தளர்ச்சியே இல்லாமல் இறுக்கினால், மழை வரும்போது கயிறு மரத்தைத் தாங்காது, முறிக்கும். மெய்யான கப்பலிலும் மாலுமிகள் ஈரத்தில் கயிற்றை நெகிழ்த்தி, வெயிலில் மறுபடி இறுக்குவர் என்பதை நாம் நூலில் படித்திருந்தோம். படித்ததைக் கையும் அறியவில்லை, மனமும் அறியவில்லை.

அவர் சென்றபின் நெடுநேரம் அமர்ந்திருந்தோம். பிறந்த மண்ணை விட்டு வந்த நமக்கு மொழியும் ஒரு கயிறுதான். நம் பிள்ளைகள் சாய்ந்துவிடாமல் அது நிறுத்தவேண்டும். நாமோ அச்சத்தினால் அதனை அளவுக்குமேல் இழுக்கின்றோம். அவர்கள் பள்ளியும் தோழரும் தெருவும் பிறமொழியாய் இருக்கின்றன. அந்த ஈரத்திற்கு இடம் வைத்து நாம் கட்டுவதில்லை.

மாலையில் பேரனை அழைத்து, வளைந்த மரத்தைக் காட்டி, "தாத்தா மிகுதியாய் இழுத்துவிட்டேன்" என்றோம். அவன் மரத்தையே நோக்கினான், நம்மை நோக்கவில்லை. சற்றுப் பொறுத்து, "கழற்றி மறுபடி கட்டலாம், தாத்தா" என்றான். இருவருமாய்க் கழற்றினோம். முன்மரம் முழுவதையும் அவனிடமே ஒப்படைத்தோம். தொடுவதில்லை என்று சொல்லுறுதி கூறினோம். அதனைக் காத்தல் எளிதாய் இல்லை. அவன் கோணலாக முடிச்சிடும்போதெல்லாம் நம் விரல் துடித்தது. மேசைக்கு அடியிற் கைகளைக் கோத்து வைத்துக்கொண்டோம். கோணல் முடிச்சுகள் நேராகிக்கொண்டே மேலேறியதை, கீழிருந்து மேலாக நோக்கும் எவரும் இன்று காணலாம்.

கப்பல் முடிந்தபின், உறுப்புகளின் பெயரைச் சிறு தாளில் எழுதி ஒட்டவேண்டுமென்றான். தமிழில் எழுதுவதாக அவனே கூறினான். எழுதினான். 'பாய்மரம்' என்பதைப் 'பாய்மறம்' என்று எழுதினான். மறம் என்றால் வீரம். போர்க்கப்பலுக்கு அதுவும் பொருந்துமே என்று நமக்குள் நகைத்து, வாய்திறவாது இருந்தோம். ஒரு வாரம் சென்றது. ஒருநாள், நம் சங்கத்து இதழில் மர நிழல் பற்றிய சிறுவர் பாடலொன்றை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தவன் திடுமென எழுந்து, தாளைக் கிழித்து, சின்ன 'ர' இட்டு வேறு எழுதி ஒட்டினான். "தாத்தா, உங்களுக்கு முன்பே தெரியுமா?" என்று வினவினான். "தெரியும்" என்றோம். "பின்னே ஏன் சொல்லவில்லை?" என்றான். "ஈரம் காயட்டும் என்று காத்திருந்தோம்" என்றோம். அவன் நகைத்தான்.

முன்மரத்தின் கோணல் இவ்வாறு நின்றது. ஞாயிறு மாலைகளில் நாங்கள் இருவரும் இல்லத்தில் இருப்போம். அன்பர்கள் தம் பிள்ளைகளோடு வருக. மஞ்சக்கடம்புத் துண்டுகள் இன்னும் மிகுந்திருக்கின்றன, நூலும் இருக்கின்றது. பிள்ளைகளை மேசையருகே விடுவோம். பெரியவர்கள் சற்றுத் தள்ளி அமரவேண்டும்; அதற்கு நாற்காலிகளும் போட்டு வைத்திருக்கின்றோம்.