வெள்ளைக் கல்லும் சவுக்குச் சருகும்

நோர்வூட் டவுனில் பஸ் ஏறி பொகவந்தலாவைப் பக்கம் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஒன்று கண்ணில் படும். புதுசாகக் கட்டின வீடு என்றால் வாசலில் இரண்டு பாம் செடி, அதன் அடியில் வட்டமாக வெள்ளைக் கல். லயத்து வாசலில்கூட பெயின்ட் வாளியில் ஒரு பாம் வைத்து, மேலே ரெண்டு கைப்பிடி கல் தூவியிருப்பார்கள். நாங்கள் நாலு பேரும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள், பேராதனையில் கலைப்பீடத்தில் படிக்கிறோம். விவசாயம் எங்கள் பாடம் இல்லை. ஆனாலும் லீவுக்கு வரும்போதெல்லாம் இந்தக் கல்லைப் பற்றி வீட்டில் ஒரு வாக்குவாதம் நடக்காமல் போவதில்லை.

கல் கூடாது என்று எடுத்த எடுப்பில் சொல்ல எங்களுக்கு வாய் வராது. 2017 மே 12 அன்று இந்தியப் பிரதமர் மோடி நோர்வூட் மைதானத்துக்கு வந்து, மலையகத்துக்கு இன்னும் 10,000 வீடு என்று அறிவித்தார். நம்ம ஆட்களுக்கு அந்தப் பேச்சில் மிஞ்சினது வீட்டுக் கணக்குதான். அப்போது தனி வீடு என்றால் 7 பேர்ச் காணி. கிட்டத்தட்ட 177 சதுர மீட்டர். உறுதி கைக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள், இன்னும் பார்த்துக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். லயத்தில் வாசல் என்பது பத்து வீட்டுக்கும் பொதுவான ஒரு நடைபாதை, ஓரத்தில் ஒரு கான். அதில் யாரும் "எங்க முன் தோட்டம்" என்று சொல்லிக்கொள்ள முடியாது. அப்படி இருந்துவிட்டு முதல் தடவையாக சொந்தமாக ஒரு வாசல் கிடைத்தவர்கள், அதை வெள்ளையாக வைத்துக்கொள்ள ஆசைப்படுவதில் என்ன பிழை?

சரி, செடிக்கு வருவோம். நர்சரியில் அரிக்கா பாம் என்று விற்பது மடகஸ்கார் பக்கத்துச் செடி. பாமுக்கு ஆணிவேர் கிடையாது. தண்டின் அடியிலிருந்து மெல்லிய வேர்கள் கொத்துக் கொத்தாகக் கிளம்பி மேல் மண்ணிலேயே பரவும். அதனால் மேல் மண் போனால் செடிக்குச் சாப்பாடும் போச்சு. கல் மண்ணை மூடும், மழைத்துளி நேரே அடிக்காமல் தடுக்கும், ஆனால் எத்தனை வருசம் கிடந்தாலும் மண்ணுக்கு ஒரு பிடி உரமாகாது. சருகு உக்கி மண்ணாகும். இன்னொன்றும் இருக்கிறது. இந்த வெள்ளைக் கல்லில் சிலது சலவைக்கல் சில்லு, அதாவது சுண்ணாம்பு. தேயிலை பிடிக்கிற நம்ம மண் புளிப்பு மண். அதில் சுண்ணாம்பு மெதுவாகக் கரைந்து சேரச் சேர, பாமின் வேரால் இரும்புச் சத்தையும் மாங்கனீசையும் சரியாக எடுக்க முடியாமல் போகும், இலை மஞ்சளாகும். உங்கள் வீட்டுக் கல் எந்த வகை என்று பார்க்க ஆசையா? ரெண்டு சொட்டு வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு.

இதை எல்லாம் சொல்லி, சவுக்கு மரத்துச் சருகை அள்ளிப் போடலாம் என்றோம். பள்ளிக்கூடத்து விவசாயப் புத்தகத்தில் இதற்குப் பேர் பத்திரக் கலவை. அம்மாயி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"காலம்பூரா தொரைக்குத்தான் மண்ண மூடிக் குடுத்தோம். என் வாசல்லயும் குப்பையா? அட்டை வரும். கல்லே இருக்கட்டும்."

முப்பது வருசத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். மூடாக்கு என்றால் என்னவென்று அவருக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில் மறுபடி கன்று வைப்பதற்கு முன்னால் ஒன்றரை, இரண்டு வருசம் மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ நடுவார்கள். அதை வெட்டி வெட்டி அந்த மண்ணிலேயே பரப்புவார்கள். அதற்கு ஆட்களோடு ஆளாக அம்மாயியும் போயிருக்கிறார். கவ்வாத்து வெட்டின மலையிலும் வெட்டின கிளை அங்கேயே கிடந்து உக்க வேண்டும் என்பதுதான் தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் சொல்கிற முறை. ஆனால் அந்தக் கிளைதான் நமக்கு மிலாறு, அடுப்பு எரிகிற விறகு. மண்ணுக்கா, அடுப்புக்கா என்று கேட்டால் லயத்தில் யாரும் யோசிக்க மாட்டார்கள். 2022 இல் கேஸ் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது மிலாறுக் கட்டு வைத்திருந்த வீட்டில் சோறு வெந்தது. மலை மண் கெட்டதற்கு விறகு பொறுக்கினவர்கள்தான் காரணம் என்று யாராவது சொன்னால் எங்களுக்குக் கோபம் வரும்.

ஏனென்றால் அதற்கு வெகு காலம் முன்னாலேயே மண் போய்விட்டது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் செடிக்கு அடியில் ஒரு புல்லும் தெரியக்கூடாது. சுரண்டியால் மண்ணைச் சுரண்டி வழுக்கையாக வைப்பதுதான் நல்ல தோட்டத்துக்கு அடையாளம். கோப்பிக் காலத்துப் பழக்கம், தேயிலைக்கும் தொடர்ந்தது. ஒவ்வொரு மழைக்கும் மேல் மண் கானில் இறங்கி ஆற்றுக்குப் போனது. கடைசியில் 1951 இல் மண் பாதுகாப்புக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. இன்றைக்கும் மே, ஜூன் மழையில் நோர்வூட் பாலத்தில் நின்று கெசல்கமு ஓயாவைப் பாருங்கள். பால் டீ நிறத்தில் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போய்க்கொண்டிருக்கும்.

வாசலில் சருகு கிடந்தால் அசிங்கம், வழுக்கை மண்ணும் வெள்ளைக் கல்லும்தான் சுத்தம் என்கிற எண்ணமும் அந்தச் சுரண்டி காலத்தில் இருந்துதான் நமக்கு வந்திருக்கும் என்று நாங்கள் சந்தேகப்படுகிறோம். துரை பங்களாவைச் சுற்றி எப்படி இருந்ததோ அப்படி நம்ம வாசலும் இருக்க வேண்டும். ஆனால் இதை அம்மாயியிடம் சொல்லவில்லை. அவர் கேட்கிற மரியாதை உண்மையானது, அதை எங்கள் வாதத்துக்காக உரித்துப் பார்க்க வேண்டியதில்லை.

அட்டை விசயத்திலும் அவர் சொன்னது சரி. ஈரச் சருகில் அட்டை நிற்கும். சரிவான இடத்தில் காய்ந்த சருகு முதல் பெருமழையோடு கானுக்குப் போய் அடைத்துக்கொள்ளும். கூரைத் தண்ணி சொட்டுகிற வரிசையில் கல்லை விட நல்லது வேறொன்றும் இல்லை, அந்த இடத்தில் சருகு ஒரு நாள் தங்காது. பேசிப் பேசி வந்து நின்றது இதுதான்: சொட்டு விழும் ஓரத்துக்கும் நடைபாதைக்கும் வெள்ளைக் கல். பாம் அடியில் இரண்டு, மூன்று அங்குலத்துக்குச் சவுக்குச் சருகும் மிலாற்றில் உதிர்ந்த இலையும். தண்டை ஒட்டிக் குவித்தால் அழுகும் என்பதால் ஒரு சாண் தள்ளி. சருகு ஓடாமல் இருக்கச் சுற்றிவர ஒரு வரிசைக் கல். பாமின் காய்ந்த மட்டையையும் நறுக்கி அதிலேயே போடலாம்.

அம்மாயி ஒரு செடிக்கு மட்டும்தான் சம்மதித்தார். வாசலுக்கு இடது பக்கத்தில் இருப்பது கல்லோடு, வலது பக்கத்தில் இருப்பது சருகோடு. காலையில் வாசல் கூட்டும்போது வெளியே பறந்த இலைகளை அவரே ஈக்குமாற்றால் உள்ளே தள்ளிவிடுகிறார், திட்டிக்கொண்டேதான்.